கழிச் சேற்றில் உளுவை

“தரையில் விழுந்த மீனைப்போல் துடித்தான்” என்று சொல்வது நம் வழக்கு. நீரை விட்டு வந்த மீனுக்கு வாழ்வில்லை என்பதை நாம் ஐயமின்றி ஏற்றுக்கொண்டிருக்கிறோம். ஆனால் நாம் குடியிருந்து படித்துவரும் இந்த மும்பை மாநகரின் ஓரத்திலேயே இவ்வழக்கைப் பொய்யாக்கும் மீன் ஒன்று வாழ்கிறது. கடல்நீர் வடிந்ததும் அது வளையை விட்டு வெளியே வருகிறது. சேற்றின்மேல் ஊர்ந்து மேய்கிறது. அண்டை மீனோடு சண்டையிடுகிறது. துணையைக் கவர எகிறிக் குதிக்கிறது. நீர் திரும்பி ஏறும்போது மீண்டும் வளைக்குள் இறங்கிவிடுகிறது. மராத்தியர் இதனை ‘நிவ்டி’ என்பர். நம் மொழியில் ‘உளுவை’ என்று பெயர் பெற்ற மீன்குலத்தைச் சேர்ந்தது இது.

விலங்கியல் படிக்கும் மாணவருக்கு இம்மீன் பாடநூலின் ஒரு வரியாக அறிமுகமாகியிருக்கலாம். மற்றவர்கள் ரயில் பாலத்தைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்த கருஞ்சேற்றில் இப்படி ஓர் உயிர் உண்டென்று எண்ணியிருக்கமாட்டார்கள். அந்தச் சேற்றையும் அதில் வாழும் உளுவையையும் சேர்த்தே அறிந்துகொள்வது இக்கட்டுரையின் நோக்கம். ஒன்றை விட்டு மற்றொன்றை அறிய முடியாது.

உளுவைக் குலம்

உளுவை இனங்கள் உலகில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை. மீன்களுள் மிகப் பெரிய குலங்களில் இதுவும் ஒன்று. ஆயினும் இவற்றுள் பெரும்பாலானவை ஒரு விரல் நீளத்தையும் தாண்டுவதில்லை. டிரிம்மாட்டம் நானஸ் என்னும் பவழப்பாறை உளுவை, முழு வளர்ச்சி அடைந்த பின்னரும் ஒரு நெல்மணியின் அளவே இருக்கும்.

பெரும்பாலான உளுவைகளை இனங்காண ஓர் எளிய அடையாளம் உண்டு. மீனைத் திருப்பி அதன் அடிப்புறத்தைப் பார்த்தால், வயிற்றுத் துடுப்புகள் இரண்டும் ஒன்றாக இணைந்து ஒரு சிறு கிண்ணம்போல் அமைந்திருக்கும். இக்கிண்ணத்தால் உளுவை பாறையையோ மணலையோ பற்றிக்கொள்கிறது. நடுநீரில் ஓயாது நீந்தித் திரியும் மீனுக்கு இது தேவையில்லை. தரையை ஒட்டி வாழும் மீனுக்கே இது பயன்படும். உளுவை வாழும் இடத்தை அதன் வயிற்றிலேயே எழுதிவைத்திருக்கிறது இயற்கை.

இடம் மாறும்தோறும் வாழும் முறையும் மாறுவதைச் சில எடுத்துக்காட்டுகளால் அறியலாம். நம்மில் பலருடைய குடும்பங்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இங்கு வந்தவை. தாமிரபரணிக் கரையில் வளர்ந்த பெரியவர்களைக் கேட்டால் உளுவையைத் தெரியும் என்பார்கள். அது ஆற்றிலும் குளத்திலும் மணலோடு மணலாகக் கிடக்கும் மீன். அதன் உடலின் நிறமும் புள்ளிகளும் மணலை ஒத்திருப்பதால் அருகில் செல்லும் வரை கண்ணுக்குப் புலப்படாது. 1822-இல் கங்கை மீன்களைப் பற்றிய நூலை வெளியிட்ட ஹாமில்டன் என்னும் மருத்துவர், இம்மீனுக்கு அறிவியற் பெயர் இட்டார். இன்று அது குளோசோகோபியஸ் கியூரிஸ் எனப்படுகிறது.

ஹவாய்த் தீவுகளில் வேறு சில உளுவைகள் உள்ளன. அவற்றின் குஞ்சுகள் கடலில் வளர்ந்து, பின்னர் ஆற்றுக்குத் திரும்பும்போது அருவிகளின் பாறைச் சுவரில் ஏறிச் செல்கின்றன. நூறு மீட்டருக்கும் உயரமான அருவிக்கு மேலேயும் அவை காணப்படுகின்றன. நாம் மேலே கண்ட அதே வயிற்றுக் கிண்ணமே அங்கு ஏணியாகப் பயன்படுகிறது.

வெப்பக் கடல்களில் பவழப்பாறைகளை அடுத்த மணல்வெளியில் வாழும் சில உளுவைகளுக்கு வளை தோண்டத் தெரியாது. பார்வை மங்கிய சொடுக்கு இறால் வளையைத் தோண்டித் தருகிறது. உளுவை வாயிலில் நின்று காவல் காக்கிறது. இறால் வெளியே வரும்போது தன் உணர்கொம்பு ஒன்றை மீனின் உடல்மேல் வைத்தவாறே வேலை செய்யும். பகை நெருங்கினால் மீன் வாலைச் சிறிது அசைக்கும். அடுத்த நொடியில் இரண்டும் வளைக்குள் மறைந்துவிடும். பவழக் கிளைகளுக்கிடையே மஞ்சளும் பச்சையும் சிவப்புமாக வாழும் குள்ள உளுவைகளும் உண்டு. அவற்றுள் எவியோட்டா சிஜில்லாட்டா என்னும் இனத்தின் ஆயுள் 59 நாள்களே என்று 2005-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் கண்டறிந்தனர். முதுகெலும்புள்ள உயிர்களில் இத்துணைக் குறுகிய ஆயுளுடையது வேறொன்று அறியப்படவில்லை.

பாறைக் கரை உளுவையைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்றும் இங்குக் குறிப்பிடத்தக்கது. நீர் வடிந்தபின் பாறைக் குழிகளில் தங்கிவிடும் உளுவைகள், ஆபத்து நேர்ந்தால் பக்கத்துக் குழிக்குத் தாவித் தப்புகின்றன. தாவும்போது அடுத்த குழி அவற்றின் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயினும் அவை வெறும் பாறையில் விழுவது அரிது. இது எவ்வாறு இயலும்? அமெரிக்க அறிஞர் லெஸ்டர் அரான்சன் 1951-இல் இதற்கு விடை கண்டார். செயற்கைக் குழிகள் அமைத்து அவர் சோதித்தபோது, நீர் நிறைந்திருந்த வேளையில் அவ்விடத்தைச் சுற்றி நீந்திப் பழகிய மீன்களே சரியாகத் தாவின, பழகாதவை தவறின. நீர் நிறைந்த நேரத்தில் கண்ட மேடு பள்ளங்களை அவை நினைவில் வைத்திருந்தன என்பது இதனால் தெளிவாயிற்று. சிறு மீன்தானே என்று நாம் எளிதாக எண்ணிவிடக் கூடாது.

கழியும் ஓதமும்

இனி நம் நகரத்து உளுவைக்கு வருவோம். பழந்தமிழர் கடல் சார்ந்த நிலத்தை நெய்தல் என்றனர். கடல்நீர் உட்புகுந்து திரும்பும் நீர்வழியைக் கழி என்றனர். நீர் ஏறி இறங்குவதை ஓதம் என்றனர். உப்புச் சேற்றில் வளரும் மரத்தைக் கண்டல் என்றனர். மும்பையின் நிலத்தை விளக்க இந்நான்கு சொற்களும் அப்படியே பொருந்துகின்றன.

தாராவியின் வடக்கே மாகிம் கழி இருக்கிறது. போவாய், விகார் ஏரிகளின் மிகைநீரைக் கொண்டு ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஓடிவரும் மித்தி ஆறு இக்கழியின் வழியே அரபிக் கடலை அடைகிறது. நம் பல்கலைக்கழகத்தின் கலீனா வளாகத்தின் அருகே ஓடும் வாகோலா நாலாவும் மித்தியிலேயே கலக்கிறது. செம்பூருக்குக் கிழக்கே மாகுல், டிராம்பே கரைகளைத் தொட்டுக்கொண்டு தாணேக் கழி கிடக்கிறது. நாம் எங்கிருந்து வந்தாலும் ஏதேனும் ஒரு கழிக்கு அண்டை வீட்டார்களாகவே இருக்கிறோம்.

ஓதம் நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் மும்பையில் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் இடையே நான்கு மீட்டருக்கும் அதிகமான வேறுபாடு உண்டாகும். அவ்வேளைகளில் கழியின் இருபுறமும் அகன்ற சேற்றுவெளி வெளிப்படும். கண்டல் மரங்களின் கரைப்பக்கம் நிழலும் வேரும் இருக்கும். நீர்ப்பக்கம் வெட்டவெளிச் சேறு பளபளக்கும். இவ்வெட்டவெளியே நிவ்டியின் நாடு.

இச்சேற்றின் மேற்பரப்பில் டயாட்டம் என்னும் நுண்ணிய பாசி ஒரு மெல்லிய படலமாகப் படர்கிறது. வெயில் பட்டதும் அது வளரும். ஆனால் அதற்குச் சற்றுக் கீழேயே பிராணவாயு இல்லை. கருமையும் கந்தக நாற்றமுமே உண்டு. மேலே விளைநிலமும் கீழே மூச்சடைக்கும் அறையுமாக உள்ள இடத்தில் ஒரு மீன் எவ்வாறு குடும்பம் நடத்துகிறது என்பதே வியப்பு.

உடலின் அமைப்பு

நிவ்டியின் அறிவியற் பெயர் போலியோப்தால்மஸ் துஸ்ஸுமியேரி. முதற்சொல்லுக்கு ‘வெளியே தள்ளிய கண்’ என்பது கிரேக்கப் பொருள். இரண்டாம் சொல், இந்தியக் கடற்கரைக்குப் பலமுறை கப்பலில் வந்து மீன்களைச் சேகரித்துப் பாரிசுக்குக் கொண்டு சென்ற துஸ்ஸுமியே என்னும் பிரெஞ்சு வணிகரைக் குறிக்கிறது. குவியே, வலென்சியேன் ஆகிய அறிஞர்களின் பெருநூலில் 1837-இல் இம்மீன் முதன்முதலாக விவரிக்கப்பட்டது.

வளர்ந்த மீன் ஒரு சாண் நீளத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். உடல் சேற்று நிறம்; ஆனால் உற்று நோக்கினால் உடலெங்கும் நீலப் பொட்டுகள் மின்னும். முதுகுத் துடுப்பை விரிக்கும்போது அது புள்ளிச் சேலையின் முந்தானைபோல் அழகாயிருக்கும். கண்கள் தலையின் உச்சியில் தவளைக்குப்போல் எழுந்து நிற்கும். உடல் நீரில் மூழ்கியிருக்கும்போதே கண்மட்டும் வெளியே நின்று சுற்றுப்புறத்தைப் பார்க்க இவ்வமைப்பு உதவுகிறது.

மீன்களுக்கு இமையில்லை என்று படித்திருக்கிறோம். சேற்றில் தாவும் இவ்வகை மீன்களோ கண்ணைக் கீழ்நோக்கிக் குழிக்குள் இழுத்து, ஒரு தோல் மடிப்பால் மூடித் திறக்கின்றன. நாம் இமைப்பது கண்ணை நனைக்கவும் தூசியைத் துடைக்கவும் காயத்திலிருந்து காக்கவும்தான். இம்மூன்று பணிகளுக்காகவே இவையும் கண் சிமிட்டுகின்றன என்று 2023-இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது.

மூச்சு விடுவதில் இம்மீன் இருவகை உத்திகளைக் கையாள்கிறது. செவுள் அறையில் நீரை நிரப்பிக்கொண்டு தரைக்கு வருகிறது. ஈரமான தோலின் வழியாகவும், வாயின் உட்புறச் சவ்வின் வழியாகவும் காற்றிலிருந்தே பிராணவாயுவை ஏற்கிறது. ஆகவே தோல் காய்ந்தால் அதற்கு ஆபத்து. அடிக்கடி சேற்று நீரில் ஒருபக்கமாகப் புரள்வது விளையாட்டன்று. உடலை நனைத்துக்கொள்ளும் செயல். மார்புத் துடுப்புகள் தசை வலுவுடன் அமைந்துள்ளன. ஊன்றுகோல் பிடித்து நடப்பவர் இரு கோல்களையும் முன்னே ஊன்றி உடலை இழுப்பதுபோல், இதுவும் அவற்றை ஊன்றி நகர்கிறது. விரைந்து தப்ப வேண்டுமானால் வாலைச் சேற்றில் அடித்துத் துள்ளுகிறது.

இதைக் கண்டு ‘நிலவாழ் உயிர்களின் மூதாதை இதுவே’ என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியன்று. ஏறத்தாழ 37 கோடி ஆண்டுகளுக்கு முன் நீரிலிருந்து நிலத்துக்கு வந்தவை சதைத் துடுப்பு மீன்களின் வழியினர். நாமும் அவ்வழியில் வந்தவர்களே. உளுவைகள் வேறு கிளை. அவை மிகப் பிற்காலத்தில் தோன்றியவை. நிலத்தில் வாழும் சிக்கலுக்கு அவை தம் வழியில் தாமே விடை கண்டன. ஒரே தேர்வுத் தாளுக்கு வேறொரு மாணவன் வேறு முறையில் விடை எழுதியது போன்றது இது.

மேய்ச்சலும் வீடும்

நிவ்டி சேற்றின்மேல் தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டு முன்னேறும். அப்போது அது பாசிப் படலத்தை வழித்து உண்கிறது. இதன் உணவைப் பற்றி முத்சத்தி, பால் என்னும் இரு ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை 1960-களின் இறுதியில் வெளிவந்தது. வெளியிட்டது மும்பைப் பல்கலைக்கழகத்தின் ஆய்விதழ் என்பதை நாம் பெருமையுடன் நினைவுகூரலாம்.

மேய்ச்சல் நிலம் இருந்தால் எல்லைத் தகராறும் இருக்கும். குவைத் நாட்டுச் சேற்றுக் கரையில் இவ்வகை மீன்கள் வாயால் சேற்றை அள்ளி வந்து தம் இடத்தைச் சுற்றி வரப்பு எழுப்புவதைக் கண்டனர். வீடுகள் நெருங்கியுள்ள இடத்தில் வரப்புகள் ஒன்றையொன்று தொட்டு, வயல்கள் ஐங்கோண வடிவில் அமைந்திருந்தன. வரப்புக்குள் நீர் சிறிது தேங்கும். பாசி நன்கு வளரும். உழவர் குடியில் பிறந்தவர்களுக்கு இதன் பொருளை விளக்கத் தேவையில்லை.

வீடு என்பது சேற்றுக்குள் ஆழமாகச் செல்லும் வளை. பகையிடமிருந்தும் வெயிலிடமிருந்தும் அது காக்கிறது. ஆனால் வளைக்குள் உள்ள நீரில் பிராணவாயு மிகக் குறைவு என்று முன்னரே கண்டோம். அங்கே முட்டைகள் எவ்வாறு உயிர் தரிக்கும்? ஜப்பானியச் சேற்று உளுவை ஒன்றை ஆராய்ந்தவர்கள் 2007-இல் இதற்கு விடை தந்தனர். வளையின் ஒரு மூலை மேல்நோக்கி வளைந்து சிறு அறையாக இருக்கும். அதன் கூரையில் முட்டைகள் ஒட்டியிருக்கும். வற்றத்தின்போது ஆண்மீன் வாய் நிறையக் காற்றை விழுங்கிக் கொண்டுவந்து அந்த அறையில் விடும். மீண்டும் மீண்டும் சென்று இதைச் செய்யும். குஞ்சு பொரிக்கும் பருவம் வந்ததும், இரவில் ஓதம் ஏறும் வேளை பார்த்து, அறையிலுள்ள காற்றை அதே வாயால் வெளியேற்றும். அறையில் நீர் புகுந்ததும் குஞ்சுகள் வெளிவந்து ஓதத்தோடு செல்லும். தாய்மையைப் பாடும் நாம் இத்தந்தையின் கடமையுணர்வையும் பாராட்டலாம்.

நம் நாட்டில் பிச்சாவரத்தை அடுத்த பரங்கிப்பேட்டையின் வெள்ளாற்றுக் கழிமுகத்திலும், முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டிலும் இக்குலத்து மீன்கள் உண்டு. விடுமுறைக்கு ஊர் செல்வோர் அங்கும் காணலாம்.

சேற்றின் இன்றைய நிலை

மும்பை நகரம் தீவுகளை இணைத்துக் கடலைத் தூர்த்து வளர்ந்தது. தாராவியே ஒருகாலத்தில் கோலி மீனவரின் கழிக்கரைக் குப்பம். கோலிவாடா என்னும் பெயர் இன்றும் அதைச் சொல்கிறது. மித்தியின் கரையிலிருந்த தாழ்ந்த சதுப்பில் இன்று பாந்திரா–குர்லா வணிக வளாகம் நிற்கிறது. விமான நிலைய ஓடுபாதைக்காக ஆற்றின் போக்கும் திருப்பப்பட்டது. 2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. ஓதமும் ஏறியிருந்த வேளையில் நீருக்குப் போக்கிடம் இல்லாமற்போய், மித்திக் கரைக் குடியிருப்புகள் மூழ்கின. நீர் விரிந்து பரவுவதற்கென்றிருந்த இடத்தின் அருமையை அன்று நகரம் உணர்ந்தது.

அதன்பின் சில நன்மைகளும் விளைந்தன. கண்டல் மரங்களை அழிப்பதற்கு மும்பை உயர்நீதிமன்றம் 2005-இல் தடை விதித்தது. 2018-இல் இறுதித் தீர்ப்பும் அளித்தது. தாணேக் கழியின் ஒரு பகுதி 2015-இல் பூநாரைச் சரணாலயம் ஆயிற்று; 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது. தாராவியின் எல்லையில் குப்பைமேடாக இருந்த 37 ஏக்கர் நிலம் மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவாக மாறி, 1994-இல் திறக்கப்பட்டது. மனித முயற்சியால் கெட்ட நிலம் மனித முயற்சியாலேயே திருந்தும் என்பதற்கு இப்பூங்கா நம் கண்முன் உள்ள சான்று.

ஆயினும் ஒரு குறை நிற்கிறது. கண்டல் மரத்துக்குக் கிடைத்த பரிவு மரமில்லாத வெறுஞ்சேற்றுக்குக் கிடைக்கவில்லை. 2011-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, உயிர்வளம் மிக்க சேற்றுத் திட்டுகளையும் காக்கப்பட வேண்டியவற்றுள் சேர்த்திருக்கிறது. ஆனால் மக்கள் மனத்தில் சேறு இன்னும் அழுக்குதான். மரம் வெட்டினால் கூக்குரல் எழுகிறது. சேற்றில் கட்டட இடிபாட்டைக் கொட்டினால் எவரும் கேட்பதில்லை. நல்லெண்ணத்தோடு வெறுஞ்சேற்றில் கண்டல் நடுவதும் உண்டு. வெயில் படாவிட்டால் பாசியில்லை. பாசியில்லாவிட்டால் நிவ்டிக்கும் அதே சேற்றில் மேயும் பூநாரைக்கும் உணவில்லை. கண்டல் இருந்து அழிந்த இடத்தில் கண்டல் நடுவது நன்று. சேறாகவே இருந்த இடத்தைச் சேறாக விடுவதும் அதே அளவு நன்று.

மற்றொன்றும் நினைவிற்கொள்ள வேண்டும். காற்றிலிருந்து மூச்சு வாங்கவல்ல மீன், பிற மீன்கள் மாண்டுபோகும் நீரின் ஓரத்திலும் சிலகாலம் தாங்கும். ஆகவே நிவ்டி துள்ளுகிறது என்பதைக் காட்டி நீர் தூயது என்று எவரேனும் சொன்னால் நம்பலாகாது. சாக்கடையும் ஆலைக் கழிவும் சேற்றில் படிகின்றன. பாசி அவற்றை ஏற்கிறது. மீன் பாசியை உண்கிறது. மீனைப் பிடித்துச் சந்தையில் உயிரோடு விற்கும் கோலிப் பெண்களின் பிழைப்பும், வாங்கி உண்பவர் உடல்நலமும் அதைச் சார்ந்திருக்கின்றன.

மாணவர் செய்யத்தக்கது

இதனைப் படிப்போடு நிறுத்தாமல் நேரிற் காண்பது எளிது. ஓதப் பட்டியல் நாளிதழ்களில் வெளிவருகிறது. வற்றத்துக்கு ஒரு மணி முன்னதாகச் சென்று, பாலத்திலோ துறையிலோ பூங்காவின் கரையிலோ அசையாமல் நிற்க வேண்டும். சேற்றில் இறங்கக் கூடாது; அது ஆளை உள்ளிழுக்கும், வளைகளும் சிதையும். மனித நடமாட்டம் கண்டால் மீன்கள் மறையும். பத்து நிமிடம் பொறுத்தால் ஒவ்வொன்றாகக் கண் தலைகாட்டும். தொலைநோக்கி இருந்தால் நலம்.

ஒரு குறிப்பேட்டில் நாள், மணி, ஓத நிலை, கண்ணளவில் வரையறுத்த ஒரு பரப்பில் தெரிந்த மீன்களின் எண்ணிக்கை, அங்குக் கொட்டப்பட்டுள்ள குப்பை ஆகியவற்றை எழுதுங்கள். தாராவி நண்பர்கள் மாகிம் கழியையும், செம்பூர் நண்பர்கள் தாணேக் கழியையும் எடுத்துக்கொள்ளலாம். மாட்டுங்கா நண்பர்கள் எப்பக்கம் வேண்டுமானாலும் சேரலாம். மாதம் இருமுறை, ஓராண்டு முழுவதும் செய்தால், இரு கழிகளையும் ஒப்பிட்டுப் பேசத்தக்க சான்று நம் கையில் இருக்கும். 2017 முதல் ‘மெரைன் லைஃப் ஆஃப் மும்பை’ என்னும் குழுவினர் கடற்கரை நடைகள் நடத்தி, நகரக் கரையின் உயிர்களைப் பொதுமக்களுக்குக் காட்டி வருகின்றனர். இத்தகைய பணிக்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை என்பதற்கு அது சான்று.

ஒரு நிலத்தைத் தூர்க்க வருபவர்கள் ‘இங்கே ஒன்றுமில்லை, வெறுஞ்சேறு’ என்றுதான் முதலில் சொல்வார்கள். அப்போது நாளும் மணியும் குறித்த கணக்கோடு மறுமொழி சொல்லக்கூடியவர்கள் நம் மாணவரிடையே இருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு வற்றம் எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.